‘பொடுசுக்கு என்ன தெரியும்?’

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் அரைமணி நேரத்துக்குள் மூன்று காரியம் நடக்கும். ஒருவர் ஐஸ் பெட்டிக்குப் போன் போடுவார். ஒருவர் பந்தலுக்கும் சேருக்கும் சொல்லிவிடுவார். யாராவது ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ‘அக்கட்டால’, அதாவது அந்தப் பக்கமாக, போய்விடுவார்கள். குழந்தைகள் திரும்பி வரும்போது பெட்டி போயிருக்கும், வாசல் கழுவியிருக்கும், செத்துப்போனவரின் கட்டில்கூட இடம் மாறியிருக்கும். முதல் இரண்டு காரியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. மூன்றாவது தவறு.

எதிர்த்தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அது கல்நெஞ்சக்காரர்களின் தரப்பு இல்லை. அவர்கள் சொல்வது இது: குழந்தை மனசு பச்சை மண். பொணத்தைப் பார்த்தால் பயந்துகொள்ளும், ராத்திரி காய்ச்சல் வந்துவிடும். நாலு வயசில் சாவு என்றால் என்னவென்று அதற்குப் புரியப்போவதும் இல்லை, இரண்டு நாளில் மறந்துவிடும். புரியாததைச் சொல்லி அழ வைப்பானேன்? ‘அம்முச்சி ஊருக்குப் போயிருக்கா’, ‘சாமிகிட்டப் போயிட்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும், வளர்ந்தபிறகு தானே தெரிந்துகொள்ளும். பெரியவர்களாலேயே தாங்க முடியாத பாரத்தைப் பொடுசுகள் தலையில் ஏற்றுவது பாவம். இப்படிச் சொல்பவர்களில் ஆசிரியர்கள் உண்டு, டாக்டர்கள் உண்டு, என் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் உண்டு. அன்பிலிருந்து வந்த கருத்து என்பதாலேயே இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

உரசிப் பார்ப்போம்.

1. தெரியாது என்று யார் சொன்னது? காந்திபுரத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் மின்கம்பம், பஸ் ஸ்டாப், குட்டிச்சுவர் எல்லாவற்றிலும் ‘கண்ணீர் அஞ்சலி’ தொங்குகிறது. தோற்றம், மறைவு, மாலைக்கு நடுவே முகம், கீழே முறைவாரியாகப் பெயர்கள். பேத்தியின் பெயரையும் போடுகிறோம். அந்தப் பேத்தி ஒண்ணாவது படிக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதே தெருவில் தொங்குவதைப் பார்த்துத்தான். தன் பெயரும் தாத்தா முகமும் இருக்கிற ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தால், ‘அப்பாரு ஆஸ்பத்திரியில இருக்காரு கண்ணு’ என்கிறோம். அவளுக்கு அப்போது புதிதாக ஒன்று விளங்குகிறது: இந்த வீட்டில் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

தோட்டத்து வீடுகளில் கதை இன்னும் வேடிக்கை. குட்டியாக வந்த கெடாவுக்குப் பேர் வைத்து, தழை ஒடித்துப் போட்டு வளர்த்தவன் அந்த வீட்டுப் பையன். நோம்பியில் கருப்பராயனுக்கு அதை வெட்டும்போது அவனை யாரும் அக்கட்டால கூட்டிப் போவதில்லை. அன்று மத்தியானம் அவன் சாப்பிட மாட்டான். இரண்டு நாள் கட்டுத்தரைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். அதைத் துக்கம் என்று எந்தப் பெரியவரும் கணக்கில் எழுதுவதில்லை. ‘பிரியாணின்னா மூக்குப் புடைக்கத் தின்பானே, என்னாச்சு இவனுக்கு?’ என்பதோடு சரி.

அண்ணன்மார் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டின் தலையாய கதையே பொன்னரும் சங்கரும் சாவதும் தங்கை அழுவதும்தான். உடுக்கடித்து இரவிரவாகப் பாடுவார்கள். படுகளத்தன்று ஆட்கள் பிணம்போல விழுந்து கிடப்பார்கள், பிறகு எழுப்புவார்கள். அதை முன்வரிசையில் சாக்கை விரித்துப்போட்டு உட்கார்ந்து பார்ப்பது யார்? சாவைக் கதையாக, பலியாக, ஃப்ளெக்ஸாகக் குழந்தையின் கண்முன்னே நீட்டிக்கொண்டே இருக்கும் ஊர், அதன் சொந்த வீட்டுச் சாவை மட்டும் மறைத்துவைத்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்கிறது.

2. ‘தெரிந்தாலும் புரியாது.’ இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. ஹங்கேரியில் மரியா நாஜ் என்ற உளவியலாளர் மூன்று முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசச் சொல்லியும் வரையச் சொல்லியும் கேட்டு, 1948இல் அதை எழுதினார். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சாவு என்பது ஒரு பயணம் அல்லது தூக்கம். போனவர் திரும்பி வரலாம், தூங்கியவர் எழுந்துகொள்ளலாம். ஒன்பது வயதை ஒட்டித்தான், அது எல்லோருக்கும் வரும், வந்தால் மீளாது என்ற தெளிவு கூடியது. பின்னால் வந்தவர்கள் இந்த வயதுக் கணக்கை முன்னே பின்னே நகர்த்தியிருக்கிறார்கள். சின்னக் குழந்தையின் தடுமாற்றம் எங்கே என்பதில் பெரிய சண்டை இல்லை: அது திரும்பி வரும் என்று நினைக்கிறது.

சரி, நாம் அதனிடம் சொல்வது என்ன? ‘ஊருக்குப் போயிருக்கா.’ ‘தூங்குறா.’ குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அதே இடத்தில் ஆணி அடித்து வைக்கிறோம். புரியாத குழந்தைக்குப் புரிய வைக்க வேண்டியது நம் வேலை. நாம் அதன் தப்பை நமக்குச் சௌகரியமான பொய்யாக்கிக் கொண்டுவிட்டு, ‘பாத்தியா, அதுக்கு ஒண்ணும் புரியல’ என்று சாட்சிக்கும் அதையே கூப்பிடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காரர்கள் நம்மைவிட யோக்கியமாக நடந்துகொண்டார்கள். அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ பள்ளிக்கூடம் போகாத வயசுக் குழந்தைகளுக்கானது. அதில் மளிகைக்கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு ஆளைப் போட்டிருக்கலாம். ஹூப்பர் வெளியூர் போய்விட்டார் என்று கதையை முடித்திருக்கலாம். குழந்தை உளவியல் தெரிந்தவர்களைக் கலந்துகொண்டு, உள்ளதைச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பரில் வந்த அத்தியாயத்தில், பெரிய மஞ்சள் பறவை எல்லோருக்கும் படம் வரைந்து எடுத்து வருகிறது, ஹூப்பருக்கும் ஒன்று. அவர் செத்துப்போனார், திரும்பி வர மாட்டார் என்று பெரியவர்கள் அதனிடம் சொல்கிறார்கள். இனி எனக்கு யார் பால் கலந்து தருவார்கள் என்று அது கேட்கிறது. சொல்லும் பெரியவர்களின் கண்ணும் கலங்குகிறது. நாலு வயசுக்குச் சொல்ல முடியாது என்பவர்கள் அந்தச் சில நிமிடங்களுக்குப் பதில் சொல்லட்டும்.

3. அந்த ஒரு வார்த்தை என்ன செய்கிறது என்று பின்தொடர்ந்து போயிருக்கிறீர்களா? ‘தூங்குறாங்க’ என்று கேட்ட குழந்தை, அன்றிரவு அம்மா கண்ணை மூடினால் இமையைப் பிடித்து விலக்கும். ‘ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, சாமிகிட்டப் போயிட்டாங்க’ என்று கேட்ட குழந்தை, அடுத்த வருஷம் அம்மா பிரசவத்துக்குக் கிளம்பும்போது கேட்டை மறித்துக்கொண்டு படுக்கும். ‘நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்’ என்பது எல்லாவற்றிலும் மோசம். நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அதைவிடப் பெரிய தடை உண்டா?

அது சரி, எந்தச் சாமி? கொங்கு நாட்டில் நாம் குழந்தையையே ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறோம். ‘அழுவாத சாமி, அம்முச்சிய சாமி கூட்டிட்டுப் போயிருச்சு சாமி.’ மூன்று வயதில் இதைக் கேட்கும் உயிர் என்ன கணக்குப் போடும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. தன்னால்தான் செத்தார்கள், தான் அடம் பிடித்ததால்தான் போனார்கள் என்று நம்பும் வயது அது. காரணத்தை நாம் சொல்லாவிட்டால் தன்னையே காரணமாக வைத்துக்கொள்ளும்.

எனக்குச் சொன்ன பொய் பழனி. ஆறு வயதில், தாத்தா இறந்தபோது, நானும் அக்கட்டால கொண்டுபோகப்பட்டவன்தான். ‘அப்புச்சி பழனிக்குப் போயிருக்காரு’ என்றார்கள். எங்கள் ஊர் வழியாகப் பழனி பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும். நான் அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை, பயப்படவும் இல்லை. பையன் தேறிவிட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கிருந்தது கோபம். என்னைக் கூப்பிடாமல் போனாரே என்ற கோபம். மொட்டை அடித்துவிட்டு வரட்டும், பேசவே கூடாது என்று வைத்திருந்தேன். என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனிதரை, செத்துப்போனவர் என்று தெரியாமல் ஒரு வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். துக்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றியதாக என் வீட்டார் நம்பினார்கள். துக்கம் அந்த ஒரு வருஷமும் வேறு சட்டை போட்டுக்கொண்டு என்னோடேயே இருந்தது.

4. ஒன்றும் தெரியாத குழந்தைக்கு எதற்கய்யா கொள்ளிக்குடம்? அப்பன் செத்த வீட்டில் ஏழு வயசுப் பையன் இருந்தால் நடப்பதைப் பாருங்கள். தலையை மழிக்கிறோம். ஈர வேட்டி கட்டுகிறோம். தோளில் குடத்தை வைத்து, ஓட்டை போட்டு, மூன்று சுற்று சுற்றச் சொல்கிறோம். கையில் நெருப்பைக் கொடுக்கிறோம். சாஸ்திரத்துக்கு வேண்டியபோது அவன் குழந்தை இல்லை, வாரிசு. அதே வீட்டில் அவனுடைய ஒன்பது வயது அக்கா பக்கத்து வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாதாம். ஏழு வயதுக்குத் தெரிவது ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

பையன் கதையும் அதோடு முடிவதில்லை. காரியம் செய்தவனுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்வதெல்லாம், ‘அழுவாத. இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை. அம்மாவையும் அக்காவையும் நீதான் பாத்துக்கோணும்.’ ஷூ லேஸ் கட்டத் தெரியாதவனிடம் குடும்பத்தைக் கொடுக்கிறோம். பாரத்தை ஏற்றாதே என்று எனக்குச் சொன்னவர்கள்தானே இவர்கள்?

நம் வழக்கத்திலேயே இதற்கு நல்ல வழி ஒன்று இருந்தது. தாத்தா பாட்டி போனால் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். வேண்டியவருக்காகக் கையால் ஒரு சின்ன வேலை. பெரியவர்களோடு சேர்ந்து, பகல் வெளிச்சத்தில். இன்றைக்குப் பந்தம் பிடிக்கக் கல்லூரிப் பையன்களை நிறுத்திவிட்டு, ஆறு வயசுக்காரனை ‘பயந்துக்குவான்’ என்று மாடியில் வைத்துப் பூட்டுகிறோம். வழக்கத்தின் பேரால் பேசுகிறவர்கள் வழக்கத்தை இந்த ஒரு இடத்தில் மட்டும் தாராளமாகக் கைவிடுகிறார்கள்.

5. ‘முகத்தைக்கூடப் பாக்கல.’ இதைச் சொன்னவர்கள் குழந்தைகள் இல்லை, நாற்பதும் ஐம்பதும் வயதானவர்கள். 2021 மே மாதக் கடைசியில் தினசரிக் கொரோனா தொற்றில் சென்னையையே கோவை தாண்டியது நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த மனிதர் பொதிந்து கட்டிய மூட்டையாகச் சுடுகாட்டுக்கு நேராகப் போனார். குளிப்பாட்டவில்லை, கோடி போடவில்லை, வாய்க்கரிசி இல்லை, துக்கம் கேட்க ஒறம்பரை வரவில்லை. வருஷங்கள் ஆகியும் அந்த வீடுகளில் பேச்சு எடுத்தால் முதலில் வருவது அந்த ஒரு வாக்கியம். நோயைவிடச் செலவைவிட அதுதான் ஆறவில்லை. இன்னும் சிலருக்கு, பொட்டலத்துக்குள் இருந்தது அவர்தானா என்ற சந்தேகமே தீரவில்லை.

முகத்தைப் பார்ப்பதும், தொட்டு அழுவதும், ஊர் வந்து கேட்பதும் எதற்கு என்று அந்த மே மாதம் நமக்குப் பாடமே நடத்திவிட்டுப் போனது. ‘முகத்தைக்கூடப் பாக்கல’ என்று மூன்று வருஷம் அழுத அதே மாமா, அடுத்த சாவில் மருமகளை அக்கட்டால கூட்டிப் போகச் சொல்கிறார். உங்களுக்கு ஆறாத புண்ணாக இருப்பது அவளுக்கு மட்டும் எப்படி மருந்தாகும்?

அந்த வருஷம் மே 29 அன்று தமிழக அரசு, தொற்றில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அந்தப் பணத்துக்கு மனுக் கொடுக்க இறப்புச் சான்றிதழை நகல் எடுத்து, குழந்தையை போட்டோ எடுத்து, கலெக்டர் ஆபீஸ் வரை கூட்டிப் போனவர்களில், அது எதற்கான கியூ என்று அந்தக் குழந்தையிடம் சொன்னவர் எத்தனை பேர்?

6. ‘ரெண்டு நாளில் மறந்துரும்.’ மறக்கவில்லை, விளையாடப் போயிருக்கிறது. பெரியவர்களின் துக்கம் ஏரி மாதிரி, இறங்கினால் கரை ஏற நாளாகும். குழந்தையின் துக்கம் மழைக் குட்டை. உள்ளே குதிக்கும், வெளியே வரும், பொரி கேட்கும், மறுபடி போய் நிற்கும். பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்த குழந்தையை முறைத்த பெரியம்மாக்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும், அப்பாவையோ அம்மாவையோ இழந்த 125 பள்ளி வயதுப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் விடாமல் கவனித்தார்கள். பெரும்பாலோர் சமாளித்துக்கொண்டார்கள். ஆனால் இழப்பில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது முதல் ஆண்டில் இல்லை, இரண்டாம் ஆண்டில். பதினாறாம் நாள் கறி விருந்தோடு கணக்கை முடிக்கும் நமக்கு இது உறைக்க வேண்டும். இறுதிச் சடங்குக்கு முன்பே என்ன நடக்கும் என்று சொல்லித் தயார்ப்படுத்தப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். பதினேழாம் நாள் பிள்ளை வகுப்புக்கு வரும். ‘யாரும் அவகிட்ட எதுவும் கேக்கக் கூடாது’ என்று டீச்சர் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார், நல்லெண்ணத்தில். முப்பத்தைந்து பிள்ளைகளும் அவளைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும். அடுத்த பரீட்சை முடிந்து ரேங்க் கார்டு வரும். ‘தந்தையின் கையொப்பம்’ என்ற கோட்டுக்கு நேரே யார் போடுவது என்று அவள்தான் கேட்க வேண்டும். இழப்பு அப்பா அம்மாவோடு நிற்பதும் இல்லை. பாட்டிதான், ஆத்தாதான் எல்லாம் என்று வாழும் குடும்பங்கள் இங்கே நிறைய. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சோமனூர் தறிக்குடோனுக்கும் அப்பாவும் அம்மாவும் ஷிஃப்ட் போகிற வீட்டில், பிள்ளைக்குச் சோறூட்டித் தலை பின்னித் தூங்க வைத்தது ஆத்தா. அவள் போனால் ஊர் சொல்வது ‘வயசாகிப்போச்சு, கல்யாணச் சாவு’. பிள்ளையின் கணக்கில் போனது அம்மாவுக்குச் சமமான ஆள்.

7. ‘வளர்ந்தபிறகு தானே தெரிஞ்சுக்கும்.’ யாரிடமிருந்து? வீட்டில் பதில் கிடைக்காத கேள்வியைக் குழந்தை தெருவில்தான் கேட்கும், தெரு எப்போதும் பதில் வைத்திருக்கிறது. 1997 நவம்பர் கடைசியில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஊர் இது. 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்த ஊரும் இதுதான். உக்கடத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் அன்று அப்பாவை இழந்த பிள்ளைக்கு, அப்பா எப்படிச் செத்தார் என்பதை மடியில் உட்கார்த்திவைத்து ஒருவர் சொல்வதற்கும், பத்து வருஷம் கழித்துக் கொடி பிடிக்கிற ஒருவன் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கோவைக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மறைக்கிற வசதிகூட எல்லோருக்கும் இல்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் வீடுகள்மேல் சரிந்து 17 பேர் செத்தார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளை எந்த அக்கட்டாலைக்குக் கூட்டிப் போவது? மாடி வீடும் இன்னொரு கதவும் உள்ளவர்களுக்குத்தான் ‘குழந்தைக்குத் தெரியக் கூடாது’ என்பதே கட்டுப்படியாகும்.

8. பயப்படாதா? பயப்படும். அங்கே எனக்கும் எதிர்த்தரப்புக்கும் கொஞ்சம் உடன்பாடு உண்டு. சிதைந்த உடலைக் குழந்தைக்குக் காட்ட வேண்டியதில்லை. வர மாட்டேன் என்று சொல்லும் குழந்தையை இழுத்துப் போகவும் கூடாது. பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ‘உன்னைய அனாதையா உட்டுட்டுப் போயிட்டானே’ என்று அடிக்குரலில் அழும் அத்தைகளை நானே கையைப் பிடித்து நகர்த்தியிருக்கிறேன். ஆனால் குழந்தையைப் பயமுறுத்துவது முன்னறிவிப்பு இல்லாமை. வாசலிலேயே நிறுத்திச் சொல்லுங்கள்: பெட்டிக்குள்ள படுத்திருப்பாங்க. மூக்குல பஞ்சு இருக்கும். நெத்தியில காசு ஒட்டியிருக்கும். கால் கட்டைவிரலைச் சேத்துக் கட்டியிருப்பாங்க. கூப்பிட்டாப் பேச மாட்டாங்க. எல்லாரும் சத்தமா அழுவாங்க, அம்மாவும் அழுவேன், அது உன்மேல கோவம் இல்ல. போகணும்னா சித்தப்பா கையைப் பிடிச்சு இழு, கூட்டிட்டு வந்துருவாரு. அந்தச் சித்தப்பாவுக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள். தீட்டு, காத்துக் கருப்பு பற்றி எனக்கு வாதமில்லை. கயிறு கட்டுவதானால் கட்டிவிட்டே கூட்டிப் போங்கள்.

சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தவறிட்டாங்க, காலமானாங்க, இறைவனடி சேர்ந்தாங்க. தமிழில் இதற்கென்று ஒரு அலமாரியே இருக்கிறது. ‘தவறிட்டாங்க’ என்றால் எங்கே தவறினார்கள், போய்த் தேடலாமா என்றுதான் குழந்தை கேட்கும். நாய் செத்துப்போச்சு, கரப்பான் செத்துப்போச்சு என்று அதற்குத் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டால் ‘இறந்துட்டாங்க’ என்று சொல்லி, அது அதே சொல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வரும் கேள்விக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ‘நீயும் செத்துருவியா?’ பேரூருக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள், கூட வரும் பிள்ளைகளுக்கு இறவாப் பனை, பிறவாப் புளி என்று இரண்டு மரத்தின் கதையைச் சொல்வார்கள். புராணமே ஒரே ஒரு பனைக்குத்தான் சாகாத வரம் கொடுத்திருக்கிறது. மிச்சப் பேருக்குக் கிடையாது என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு, புளியங்காய் கிடைக்குமா என்று அண்ணாந்து பார்க்கின்றன. நாமும் நேராகவே சொல்லலாம்: ‘எல்லாரும் ஒரு நாள் சாவோம் கண்ணு. நான் ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நெனைக்கறேன், நீ பெருசாகற வரைக்கும். எனக்கு ஏதாச்சும்னா அத்தை உன்னையப் பாத்துக்குவாங்க.’ குழந்தை கேட்பது மரணத்தின் தத்துவம் இல்லை. தனக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்கிறது. அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

கேட்டுவிட்டு, கொஞ்சம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அது அடுத்ததாகக் கேட்கும்: ‘அப்ப நாளைக்கு ஸ்கூல் உண்டா?’ திட்டாதீர்கள். இல்லை என்று சொல்லுங்கள்.